காதுக்கல்லு போட்டோவ வெளிநாட்டு லேபுக்கு குடுக்கலாமா? கைடு வேணாங்கறாரு

விளமீன்_வீட்டுப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடி பக்கம், மீன்வளத்துல பிஎச்டி மூணாவது வருஷம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க ப்ளீஸ், இந்த வாரத்துக்குள்ள நான் பதில் சொல்லியாகணும்.

என்னோட வேல விளமீனுக்கு வயசு பாக்கறது. மீனோட மண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் காதுக்கல்லு இருக்கும்ல, ஓட்டோலித்னு சொல்றது, அத எடுத்து அறுத்து மரத்துல வளையம் எண்ணுற மாதிரி எண்ணணும். விடிகாலைல திரேஸ்புரம் கரைக்கு போயிடுவேன், ஏலம் முடியறதுக்குள்ள வேலய முடிக்கணும், தலைய வெட்டுனா மீன் விலை போகாதுனு வியாபாரிங்க கையே வைக்க விடமாட்டாங்க, அதனால செவுள தூக்கி அடிவழியா சின்ன கத்திய விட்டு கல்ல எடுக்க கத்துக்கிட்டேன், வெளிய பாத்தா மீன் முழுசா அப்படியே இருக்கும். இத கத்துக்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. அப்புறம் கழுவி காயவச்சு ரெசின்ல ஊத்தி, டைமண்ட் பிளேடுல மெல்லிசா சீவி, தேச்சு, மைக்ராஸ்கோப்புல வச்சு எண்ணணும்.

பிரச்சன என்னன்னா நம்ம கடல்ல பனிக்காலம்னு ஒண்ணு கெடையாது, அதனால வளையம் வடக்கு நாட்டு மீன் மாதிரி பளிச்சுனு இருக்காது. ஒரு பெரிய மீன நான் 11 வயசுனு எழுதி வச்சேன், ஒரு மாசம் கழிச்சு அதே ஸ்லைட நம்பர மறச்சுட்டு எண்ணுனா 13 வருது. எது சரினு சொல்ல இங்க இன்னொரு ஆள் இல்ல, எங்க லேப்ல இந்த வேல பாக்கறது நான் மட்டும்தான்.

போன மாசம் ஒரு ஆன்லைன் மீட்டிங்ல வேற நாட்டு லேப்காரங்க ஒருத்தங்க பழக்கமானாங்க. அவங்களும் இதே விளமீன் வகைல பல வருஷமா வேல பாக்கறாங்க. உங்க கல்லு படத்த நாங்க எண்ணுறோம், எங்களுத நீங்க எண்ணுங்க, ஒத்துப் பாப்போம்னு கேட்டாங்க. எனக்கு சந்தோஷம் தாங்கல. கைடுகிட்ட சொன்னா ஒரே வார்த்தைல வேணாம்னுட்டாரு. அவர குத்தம் சொல்லவும் முடியல, ஏன்னா நான் சேர்றதுக்கு முன்னாடி எங்க சீனியர் ஒரு அக்கா ரெண்டு வருஷம் சேத்த சாம்பிள வெளிய ஒரு எடத்துக்கு அனுப்பி, பேப்பர் வந்தப்ப பேரு கடைசில நன்றி சொல்ற எடத்துலதான் இருந்துச்சாம். அந்த அக்கா அதோட படிப்ப விட்டுட்டாங்க.

அப்போ என்ன பண்றது? மீன் எல்லை பாத்து நீந்தாதுனு எல்லா மேடைலயும் சொல்றாங்க. உண்மையிலயே ரெண்டு நாட்டுக்காரங்க சேந்து மீன் ஆராய்ச்சி பண்ணி உருப்படியா ஏதாவது நடந்துருக்கா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

பழைய_சுறா:

உன் கைடு மேல கோவப்படாதம்மா, சூடு பட்டவரு அவரு. ஆனா நீ கேட்ட கேள்விக்கு நடந்துருக்கு, நடந்துக்கிட்டும் இருக்குங்கறதுதான் பதில். நான் 30 வருஷத்துக்கு மேல கடல்மீன் ஆராய்ச்சில இருந்து ரிட்டயர் ஆனவன், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், 11ஆ 13ஆங்கறத சின்ன விஷயமா நெனைக்காத. நியூசிலாந்து ஆஸ்திரேலியா பக்கம் ஆழ்கடல்ல ஆரஞ்சு ரஃபினு ஒரு மீன், அதுவும் மத்த மீன் மாதிரி வேகமா வளர்றதுதான்னு நம்பி கப்பல் கப்பலா அள்ளுனாங்க. 1990கள் தொடக்கத்துல காதுக்கல்ல கதிரியக்க முறைல சோதிச்சப்பதான் 100 வயச தாண்டுற மீன்னு தெரிஞ்சுது. முட்டை போடற பருவத்துக்கு வரவே 20, 30 வருஷம் ஆகுற ஜாதி. அதுக்குள்ள பல எடத்துல கூட்டமே காலி. வயச தப்பா எண்ணுனா எவ்வளவு பிடிக்கலாம்ங்கற கணக்கும் தப்பு, அவ்வளவுதான்.

சேந்து வேல பாக்கறதுக்கு எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்க இருக்க பேரன்ட்ஸ் கடல் காட் மீன். நார்வேயும் சோவியத்தும் பனிப்போர் நடக்கும்போதே 1975ல ஒப்பந்தம் போட்டு கூட்டு மீன்வள ஆணையம் அமைச்சாங்க. குஞ்சு ஒரு பக்கம் வளரும், பெருசு இன்னொரு பக்கம் போயி முட்டை போடும், ஒருத்தர் மட்டும் எண்ணி ஒண்ணும் ஆகாது. பெர்கன்ல இருக்க நார்வே ஆய்வுக்கூடமும் மூர்மன்ஸ்க்ல இருக்க ரஷ்ய ஆய்வுக்கூடமும் 1990கள்ல இருந்து நீ சொல்ற இதே வேலயத்தான் பண்றாங்க, ஒரே கல்ல ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணுறது, அப்புறம் ஒரே ரூம்ல ஒக்காந்து எங்க வித்தியாசம் வந்துச்சுனு ஒவ்வொரு வளையமா பாக்கறது. மந்திரிங்க கையெழுத்து போடற போட்டோ பேப்பர்ல வரும், இந்த ரூம் வராது. ஆனா அந்த ஒப்பந்தம் நிக்கறதே இந்த ரூம்லதான்னு நான் நம்பறேன்.

2022 மார்ச்ல உக்ரைன் போருக்கு அப்புறம் ஐசிஇஎஸ்னு கோபன்ஹேகன்ல 1902ல இருந்து இருக்க சர்வதேச கடல் ஆய்வு கவுன்சில் ரஷ்யாவ ஒதுக்கி வச்சுது. அப்பவும் காட் கணக்கு நிக்கல, ரெண்டு நாட்டு விஞ்ஞானிங்களும் தனியா ஒரு குழு போட்டு மதிப்பீட்ட தொடர்ந்தாங்க. 2013ல 10 லட்சம் டன் வரைக்கும் பிடிக்கலாம்னு சொன்ன அதே ஆணையம் 2025க்கு 3.4 லட்சம் டன்னுக்கு எறக்குச்சு. வருமானம் போற எறக்கம் அது, எந்த மீனவனுக்கும் வயித்தெரிச்சல்தான், இருந்தாலும் ரெண்டு நாடும் ஒரே நம்பர்ல கையெழுத்து போட்டுச்சு.

உனக்கு என் யோசன: கல்ல அனுப்பாத, படத்த மட்டும் அனுப்பு. அதுலயும் மீனோட நீளம், பிடிச்ச தேதி, எடம் எதையும் குடுக்காத. இது மறைக்கறது இல்லம்மா, முறையே அதுதான், நீளம் தெரிஞ்சா எண்ணுறவன் மனசு பெரிய மீனுக்கு ரெண்டு வளையம் சேத்து எண்ணிடும். ரெண்டு பக்கமும் எண்ணி முடிச்சப்புறம் ஒரே நாள்ல தொறந்து பாருங்க. உன் மொத்த டேட்டாவும் உன் பெட்டிலயே இருக்கும், கைடுகிட்ட இப்படி எடுத்துச் சொல்லிப் பாரு.

சட்டப்பக்கம்:

சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க, இது யாரும் சொல்லாம விட்டு கடைசில மாட்டிக்கறது. நம்ம நாட்டு உயிரினத்தோட சாம்பிள வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா 2002 பல்லுயிர்ச் சட்டப்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தோட அனுமதி பாக்கணும், ஆபீஸ் நம்ம தரமணியிலயே இருக்கு. ஆராய்ச்சி முடிவ வெளிநாட்டு ஆளுக்கோ அமைப்புக்கோ கைமாத்தி விடறதுக்கும் அதுல தனி பிரிவு இருக்கு, பேப்பரா வெளியிடறது மட்டும் அதுல வராது. அரசு ஒப்புதல் குடுத்த கூட்டு ஆராய்ச்சி திட்டத்துக்கு விலக்கும் இருக்கு. 2023ல சட்டத்துல திருத்தம் வந்துருக்கு, அதனால பழைய சீனியர் குடுத்த பாரத்த அப்படியே நிரப்பி அனுப்பாதீங்க, ஆணையத்தோட சைட்ல இப்ப இருக்க பாரத்த எடுங்க. படம் மட்டும்தான் அனுப்பறீங்கன்னாலும் உங்க யுனிவர்சிட்டில ஒரு லெட்டர் குடுத்து கேட்டு, பதில எழுத்துல வாங்கி வச்சுக்கங்க.

இன்னொண்ணு, பேப்பர்ல யாரு பேரு எங்க வரும்ங்கறத மொத படம் போறதுக்கு முன்னாடியே மெயில்ல எழுதி வாங்கிடுங்க. கேக்க கூச்சமா இருக்கும்னு தெரியும். அந்த அக்கா விஷயத்துல நடந்தது அந்த கூச்சத்தாலயாவும் இருக்கலாம். நல்ல எண்ணத்தோட வர்றவங்க இத கேட்டா கோவிச்சுக்கவே மாட்டாங்க.

தூத்தூர்_கடல்:

எனக்கு பெரிய படிப்பு ஒண்ணும் இல்ல, எங்க ஆளுங்க எல்லாம் கன்னியாகுமரி பக்கம் தூண்டில்ல ஆழ்கடலுக்கு போறவங்க. இந்த கல்லு பேச்ச கேட்டதும் ஒரு ஞாபகம் வந்துச்சு அதான் எழுதறேன். எங்க பெரியப்பா ஒரு தடவ தங்கல் முடிச்சு வந்தப்ப பர்ஸ்குள்ள இருந்து மஞ்ச கலர்ல ஸ்பெகட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குச்சிய எடுத்து காட்டுனாரு, சூரை மீனோட முதுகு செறகு ஓரத்துல குத்தி இருந்துச்சாம், மேல நம்பரு, இங்கிலீஷ் எழுத்து. என்னமோ ஏதோனு பத்திரமா வச்சுருந்தாரு, யாருகிட்ட குடுக்கணும்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியல. கடைசில அது வீட்டுலயே கெடந்து தொலஞ்சு போச்சு.

பின்னாடிதான் தெரிஞ்சுது, 2005ல இருந்து 2007 வரைக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், அதாவது செஷல்ஸ்ல ஆபீஸ் இருக்கு, அவங்க ஐரோப்பிய யூனியன் காசுல மேற்கு பக்கம், முக்கியமா தான்சானியா கடல்ல, 1,68,000க்கு மேல சூரைய உயிரோட பிடிச்சு இப்படி குச்சி குத்தி திரும்ப விட்டுருக்காங்க. மாலத்தீவுலயும் நம்ம லட்சத்தீவுலயும் கூட சின்ன அளவுல பண்ணிருக்காங்க. ஆறுல ஒண்ணு கிட்ட திரும்ப பிடிபட்டு தகவல் வந்துச்சாம். பெரியப்பா கைல இருந்தது அதுல ஒண்ணானு இப்ப சொல்ல வழியில்ல, ஆனா ஒரு மீனோட பயணம் முழுக்க எங்க வீட்டு அலமாரில முடிஞ்சு போச்சேனு இன்னிக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குது. விஞ்ஞானிங்க பல நாட்டு ஆளுங்க சேந்து வேல பாக்கறது நல்லதுதான், அந்த குச்சிய மொதல்ல கைல பிடிக்கறது எங்க ஆளுங்கதானே, எங்க பாசைல ஒரு நோட்டீஸ் எங்க சங்கத்து சுவத்துல ஒட்டிருந்தா அந்த நம்பரு போய் சேந்துருக்கும்.

தங்கச்சி, நீ கரைக்கு போயி வியாபாரிங்ககிட்ட பேசி வேல பாக்கறேல்ல, நீ பேப்பர் எழுதுனா அவங்களுக்கும் சொல்லு.

பழைய_சுறா:

தூத்தூர் தம்பி எழுதுனது மனச என்னவோ பண்ணிருச்சு. அந்த திட்டத்துல வெள்ளை குச்சினு இன்னொண்ணு இருந்துச்சு தம்பி, அது நம்ம பொண்ணோட கேள்விக்கே பதில். வெள்ளை குச்சி குத்துன மீனுக்கு விடறதுக்கு முன்னாடி ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டுருப்பாங்க. அந்த மருந்து காதுக்கல்லுல ஒரு கோடா படிஞ்சு அல்ட்ராவயலட் வெளிச்சத்துல மின்னும். ஒரு வருஷம் கழிச்சு மீன் சிக்குனா, மின்னுற கோட்டுக்கு வெளிய எத்தன வளையம் இருக்குனு எண்ணிப் பாத்தா ஒரு வளையம் ஒரு வருஷமா இல்லையானு கண்ணால பாத்துடலாம். 11ஆ 13ஆங்கற சண்டைக்கு கடைசி நீதிபதி அதுதான். ஆனா விடற எடம் ஒரு நாடு, பிடிக்கற எடம் இன்னொரு நாடு, கல்லு வாசிக்கற எடம் மூணாவது நாடு. தனி ஒரு நாடா இத பண்ணவே முடியாது.

யாழ்_கரையோரம்:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன், மீன்வளம்தான் படிச்சனான். எல்லாரும் நல்ல பக்கத்தைச் சொல்லியாச்சு, நான் மற்றப் பக்கத்தையும் கொஞ்சம் கதைக்கிறன், குறை நினைக்க வேண்டாம்.

1952ல ஐநா, நோர்வே, இந்தியா மூண்டும் சேர்ந்து கொல்லம் நீண்டகரையில இந்தோ நோர்வே திட்டம் எண்டு தொடங்கினவை. நல்ல மனசோட வந்த திட்டம்தான், சின்ன மீனவர் முன்னேற வேணும் எண்டு. ஆனா போகப் போக இழுவைப் படகும் இறால் ஏற்றுமதியும்தான் பெருகினது, கடலடி எவ்வளவு தாங்கும் எண்டு ஆர் அளந்து பார்த்தவை? அந்த இழுவைமடிப் பழக்கம் கரை கரையா பரவி இண்டைக்கு பாக்கு நீரிணையில எங்கட சனம் வலையை இழந்துபோய் நிக்குது, உங்கட பக்கத்து நாட்டுப்படகுக்காரரும் அதே இழுவையால பாதிக்கப்படுறவைதான். இலங்கையில 2017ல இழுவைமடிக்கு தடைச்சட்டம் கொண்டு வந்தாச்சு. நான் சொல்ல வாறது, வள்ளமும் எஞ்சினும் முதல்ல வந்திட்டுது, எண்ணிப் பார்க்கிற வேலை பிறகுதான் வந்தது. அந்த ஒழுங்கு மாறியிருந்தா கதையும் மாறியிருக்கும்.

மற்றது, நோர்வேயின்ர நான்சன் கப்பல், ஐநா கொடியோட வாறது, 1978 தொடக்கம் 1980 வரை இலங்கையைச் சுற்றி அளந்தது. திரும்ப வந்தது 2018ல. இடையில ஒரு தலைமுறையே வளர்ந்து கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெத்தாச்சு. கப்பல் வந்து போற ஆய்வில மட்டும் நம்பி இருக்கேலாது, ஆழமில்லாத எங்கட பாக்கு நீரிணைக்குள்ள அப்பிடிப்பட்ட கப்பல் வரவும் மாட்டுது. எங்கட நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் அம்மா பரசூட் ஆராய்ச்சி எண்டு இதைத்தான் சொல்லுறவ, வெளியிலயிருந்து குதிச்சு, எடுத்துக்கொண்டு, இங்க ஒருத்தரையும் வளர்க்காமல் போறது. உங்கட அந்த அக்காவுக்கு நடந்ததும் அதுதான்.

எண்டாலும் சேராமல் விடுங்கோ எண்டு நான் சொல்லேல்ல. நீலநண்டைப் பாருங்கோ, ஆபிரிக்கக் கரையில இருந்து அவுஸ்திரேலியா வரைக்கும் ஒரே இனம் எண்டுதான் எல்லாரும் எழுதிக்கொண்டு இருந்தவை. 2010ல பல நாட்டு நண்டுகளையும் ஒண்டா வைச்சு மரபணுவும் உருவமும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது நாலு இனம் எண்டு பிரிச்சவை. இங்க எங்கட கூடையில விழுறது அதில ஒண்டு, அவுஸ்திரேலியாக்காரர் பிடிக்கிறது வேற ஒண்டு. அவையின்ர வளர்ச்சிக் கணக்கை எடுத்து எங்கட நண்டுக்கு அளவு வைச்சா பிழைதானே. ஒரு நாட்டு நண்டை மட்டும் வைச்சிருந்தா இது ஆருக்கும் தெரிஞ்சிருக்காது.

குளத்துக்_கெண்டை:

எல்லாரும் கடலயே பேசறீங்க, நன்னீர்லயும் ஒண்ணு சொல்றேன், நான் சின்னதா மீன்பண்ணை வச்சுருக்கேன். கிப்ட் திலேப்பியானு சொல்றோமே, அது 1988ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்ச வேல. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாலு நாட்டுல இருந்து காட்டு மீன கொண்டாந்து, ஆசியால பண்ணைல இருந்த ரகங்களையும் சேத்து, நார்வேக்காரங்க சால்மனுக்கு பண்ணுன குடும்பத் தேர்வு முறைல தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்தாங்க. நம்ம நாட்டு விஞ்ஞானி அம்பேகர் ஏக்நாத் அதுல முக்கியமான ஆளு. தலைமுறைக்கு 12ல இருந்து 17 சதவீதம் வரைக்கும் வளர்ச்சி கூடுச்சு. எங்க பழைய ஜிலேபிக் கெண்டை உள்ளங்கை அளவுலயே நின்னுரும், குளம் பூரா குஞ்சா பொரிச்சு தள்ளும், அத பாத்து வளந்தவன் நான், அதனால இந்த வித்தியாசம் எனக்கு கண்ணுக்கு தெரியுது.

ஆனா யாழ்ப்பாணத்து சகோதரி சொன்ன மாதிரி இதுலயும் ஒரு நெருடல் இருக்கு. மூலமீன் குடுத்தது ஆப்பிரிக்கா, பலன் மொதல்ல பாத்தது ஆசியா. திருப்பி அங்க கொண்டு போனா ஆத்துல இருக்க காட்டு மீனோட கலந்துருமேனு பல வருஷம் தயங்குனாங்க, அந்த பயம் நியாயமானதுதான். அதனால கானால அவங்க சொந்த வோல்டா ஆத்து மீனயே இதே முறைல தேர்வு பண்ணி அகோசோம்போ ரகம்னு எடுத்தாங்க. மீன குடுக்கல, பண்ற முறைய குடுத்தாங்க. எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச பகுதி. நீங்களும் அந்த லேப்காரங்ககிட்ட எண்ணிக் குடுங்கனு மட்டும் கேக்காதீங்க, எப்படி எண்ணுறீங்கனு ஸ்கிரீன்ல ஒக்காந்து காட்டச் சொல்லுங்க, வேல கைல நிக்கும்.

விளமீன்_வீட்டுப்பொண்ணு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுனே தெரியல. நேத்து நைட்டு தூத்தூர் அண்ணன் எழுதுனத அப்பாகிட்ட படிச்சு காட்டுனேன், அவரு நாட்டுப்படகுல போறவரு, கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இன்னிக்கு கைடுகிட்ட திரும்ப போனேன். சுறா சார் சொன்ன மாதிரி படம் மட்டும், 60 கல்லு மட்டும், நீளமும் எடமும் இல்லாமனு எழுதி எடுத்துட்டு போனேன், சட்டப்பக்கம் சொன்ன மாதிரி யுனிவர்சிட்டிக்கு ஒரு லெட்டரும், பேரு விஷயத்துக்கு ஒரு மெயிலும் டிராப்ட் பண்ணி காட்டுனேன். முழுசா படிச்சாரு. அந்த அக்காவுக்கு அப்ப நான் இத எழுதிக் குடுத்துருக்கணும்னு சொன்னாரு, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. யுனிவர்சிட்டி பதில் வந்தப்புறம் அனுப்பலாம்னு ஒத்துக்கிட்டாரு. மெயில்ல ஒரு வரி அவரே சேத்தாரு, ரெண்டு லேபும் சேந்து ஆன்லைன்ல ஒக்காந்து எண்ணணும், எங்க பக்கம் இருந்து ரெண்டு ஜூனியர் பசங்களும் இருப்பாங்கனு.

யாழ்ப்பாணத்து அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க பக்கமும் விளமீன் எறங்குதுல்ல? யாராவது கல்லு எடுத்து வச்சுருக்காங்களா?

யாழ்_கரையோரம்:

இறங்குது, நாங்கள் விளைமீன் எண்டு சொல்லுறனாங்கள். என்னட்ட ஒரு 40 சோடி கல் கடித உறையில போட்டு நாலு வருசமா கிடக்குது, அறுக்கிற மெசின் இல்லாதபடியால அப்பிடியே விட்டிட்டன். முழுக்கல்லாய் படம் எடுக்க ஏலும், ஆனா பெரிய மீனில வளையம் வடிவா தெரியாது. கொழும்பில அறுக்க இடம் கிடைக்குமோ எண்டு நாளைக்கே கேட்டுப் பார்க்கிறன், இங்கத்தைய அனுமதி விசயத்தையும் விசாரிச்சுச் சொல்லுறன்.

நீங்கள் சீவுற தடிப்பு எவ்வளவு, எந்த வெளிச்சத்தில படம் எடுக்கிறனீங்கள் எண்டு எழுதுங்கோ, நானும் அதே மாதிரிச் செய்யிறன். படத்தில அளவுகோடு போட மறந்திடாதேங்கோ.

விளமீன்_வீட்டுப்பொண்ணு:

0.3 மில்லிமீட்டர் அக்கா. வெளிச்சம் கீழ இருந்து மேல, கருப்பு பின்னணி இல்ல. மீதிய தனி மெசேஜ்ல அனுப்பறேன்.